இருநூற்றுப் பன்னிரண்டின் குட்டி

லோஹேகாவில் விமானப்படைச் சுவர் முடிகிற இடத்தில் ஒரு கம்பிவேலி தொடங்குகிறது. அதற்குள் இருப்பது செம்மறித் தாய்சேய் இணைப்பு இயக்ககம். மேய்ச்சல் நிலத்தில் எந்தக் குட்டி எந்தத் தாயுடையது என்று யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக ஏற்படுத்தப்பட்டது. தாயின் மேல் ஓர் எண், அதன் குட்டியின் மேலும் அதே எண். பெயிண்டால் போட்டுவிட்டால் தூரத்திலிருந்தே பார்த்துச் சேர்த்துவிடலாம். இவ்வளவுதான் வேலை. இதைச் செய்ய ஓர் இயக்குநர், இணை இயக்குநர்கள், எண் வழங்கும் பிரிவு, நிறத் தேர்வுக் குழு, பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று சான்றளிக்கும் தனி அதிகாரி எல்லாரும் இருந்தார்கள். ஆடுகளுக்குத் தங்கள் குட்டிகளைப் பற்றி எந்தச் சந்தேகமும் இல்லையே என்று முதல் கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். ஆடுகளின் கருத்து ஆவணச் சான்று ஆகாது என்று பதில் சொல்லி, அவரை நாக்பூருக்கு மாற்றிவிட்டார்கள்.

ஜெகதீசன் அங்கே ஒப்பந்த ஊழியர். நகரின் கேம்ப் பகுதியில் கடைப் பலகைகள் எழுதிக்கொண்டிருந்தவர். எண்கள் அழகாக இருக்க வேண்டும் என்று இயக்ககம் அவரை எடுத்துக்கொண்டது. எடுத்த சில மாதங்களில் ஓர் இயந்திரத்தையும் வாங்கிவிட்டது. ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஓர் இரும்புச் சந்து. தாய் ஆடு உள்ளே ஓடும்போது மேலிருந்து புஸ்ஸென்று ஓர் எண் விழும். அடுத்து எது உள்ளே வருகிறதோ அதன் மேல் அதே எண் விழும். இரண்டையும் தாயும் சேயும் என்று கம்ப்யூட்டர் பதிந்துகொள்ளும். அதற்குப் பிறகு ஜெகதீசனின் வேலை எழுதுவதல்ல, ஆடுகளைச் சந்துக்குள் தள்ளுவது.

அன்று அவருக்கு அரை நாள்தான் வேலை. மகள் கிரிஜா இரவு விமானத்தில் சிங்கப்பூர் போகிறாள். முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ் வேலை. போனால் இரண்டு வருடத்துக்கு வர முடியாது. ஜெகதீசன் முழு நாள் விடுப்புதான் கேட்டார். இணை இயக்குநர் நிர்மல் கோயம்புத்தூர்க்காரர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர்.

"அண்ணா, இன்னைக்கு டெல்லியில இருந்து ஆய்வுக்கு வர்றாங்க. மிச்சம் இருக்கற ஆட்டுக்கு மட்டும் நம்பர் போட்டுக் குடுத்துட்டு மத்தியானம் கெளம்பீருங்க. பாப்பாவ வழியனுப்பறதுக்கு நான் எதுக்குங்க குறுக்க நிக்கறேன்?"

மத்தியானம் நெருங்கும்போது கடைசி ஜோடி மட்டும் மீதி இருந்தது. தாய் ஆடு சந்துக்குள் ஓடி, விலாவில் 212 வாங்கிக்கொண்டு மறுபக்கம் போய்விட்டது. குட்டி வாசலிலேயே கால்களை ஊன்றிக்கொண்டது. ஜெகதீசன் அதை மார்போடு அணைத்துத் தூக்கி, குனிந்து, உள்ளே விடப் பார்த்தார். அது அவர் வயிற்றில் உதைத்துத் துள்ளி வெளியே ஓடியது. அவருடைய தலை சந்துக்குள் இருந்தது. புஸ்ஸென்றது. வழுக்கைத் தலையில் ஜில்லென்று ஏதோ பரவியது.

வெளியே வந்து குழாயடியில் கழுவினார். போகவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்தாலும் அழியாது என்று டெண்டரிலேயே உறுதி வாங்கிய பெயிண்ட் அது. போகட்டும், வீட்டுக்குப் போய் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம் என்று சட்டையை மாற்றிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

வாசலில் காவலாளி இர்பான் இருந்தார். கேம்ப்பில் தமிழர்களோடு வளர்ந்தவர், ஜெகதீசனோடு தினமும் சாய் குடிப்பவர்.

"ஜெகதீஷ் பாய், தலையிலே இன்னா?"

"பெயிண்ட் பட்டுடுச்சு. கதவத் தொற, நேரமாவுது."

"நான் எங்கே தொறக்கறேன்? கேமரா தொறக்குது." இர்பான் திரையைத் திருப்பிக் காட்டினார். "பாரு. குட்டி, 212, தாய் கூட இல்லேன்னு வருது. தாய் இல்லாம குட்டி வெளியே போவாது பாய். லாக் ஆயிடும்."

"நான் குட்டியா இர்பான்?"

"எனக்குத் தெரியும். கேமராக்குத் தெரியணுமே."

ஜெகதீசன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு மறுபடி கதவுக்கு முன்னால் நின்றார். உடனே சைரன் அலறியது. திரையில் 'எண் மறைப்பு, கடத்தல் முயற்சி' என்று சிவப்பு எழுத்து ஓடியது. இர்பான் பதறிப்போய்த் துண்டைப் பிடுங்கினார். வேலியைத் தாண்டிவிடலாமா என்று ஜெகதீசன் ஒரு கணம் பார்த்தார். தெருநாய்களுக்காக அதில் மின்சாரம் விட்டிருந்தார்கள்.

சைரன் கேட்டு நிர்மல் வந்தார். தலையைக் குனியச் சொல்லி எண்ணைப் படித்தார். கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டார்.

"நீங்க ஆட்டுக்குட்டி இல்லீங்கன்னு எனக்கு நல்லாத் தெரியுங்கண்ணா. ஆனா எனக்குத் தெரிஞ்சதப் போடறதுக்கு சிஸ்டத்துல எடமில்லீங்க."

"அந்தப் பதிவ அழிச்சுட முடியாதா சார்?"

"அழிக்கலாங்க. அழிச்சா 212 தாய் மட்டும் தனியா நிக்கும். இன்னைக்கு நூத்துக்கு நூறு இணைப்புன்னு டெல்லிக்கு அனுப்பியாச்சுங்க. அனுப்பினதுக்கு மாறா உண்மை இருந்தா அது உண்மையோட தப்பாயிருமுங்க."

"அந்தக் குட்டிக்கே அந்த நம்பரப் போட்டுடுங்க சார். தோ நிக்குது பாருங்க."

குட்டி கொட்டகை மூலையில் நின்று கத்திக்கொண்டிருந்தது. நிர்மல் அதைப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு தலையசைத்தார்.

"அதுக்கு நம்பர் இல்லீங்கண்ணா. நம்பர் இல்லாதது வளாகத்துல இல்லாததுங்க. இல்லாத ஒண்ணுக்கு எப்படிங்க நம்பர் போடறது? ஆனா வழியில்லாம இல்லீங்க. ஏற்புச் சோதனைன்னு ஒண்ணு இருக்குது. தாயையும் குட்டியையும் ஒரே அடைப்புல விடுவோம். தாய் முட்டித் தள்ளிருச்சுன்னா தப்பான இணைன்னு அர்த்தம். அப்பவே உங்கள விட்டுருவோம்."

ஜெகதீசனுக்கு உயிர் வந்தது. வளர்ந்த மனிதனை எந்த ஆடாவது தன் குட்டி என்று சொல்லுமா? முட்டு வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று அவரே முன்னால் நடந்து போய் அடைப்புக்குள் நுழைந்தார். நான்கு பக்கமும் பலகை அடித்த சின்ன அடைப்பு. நின்றால் தோள் இடித்தது, உட்கார்ந்தால் முழங்கால் இடித்தது. ஆட்டையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

212 அவரை ஏறிட்டுப் பார்த்தது. அதன் மடி கனத்துத் தொங்கியது. கிட்டே வந்து அவருடைய கால்சட்டையை மோந்தது. சட்டையை மாற்றியவர் கால்சட்டையை மாற்றியிருக்கவில்லை. குட்டியைத் தூக்கிய இடமெல்லாம் குட்டியின் வாசனை இருந்தது. ஆடு தொண்டைக்குள்ளேயே மெல்லக் கனைத்துக்கொண்டு அவருடைய முழங்காலை நக்கத் தொடங்கியது.

"முட்டு," என்றார் ஜெகதீசன் தாழ்ந்த குரலில். "முட்டித் தள்ளேன். என் பொண்ணு போவுது."

ஆடு அவருடைய மடியில் தலையை வைத்துக்கொண்டது.

பலகைக்கு மேலே நிர்மலின் முகம் தெரிந்தது. "ஏத்துக்கிச்சுங்க," என்றார். அவர் குரலில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. "இவ்வளவு சீக்கிரம் ஏத்துக்கிட்ட தாய நான் பாத்ததில்லீங்கண்ணா."

வெயில் இறங்கத் தொடங்கியபோது ஜெகதீசனின் கைப்பேசி அடித்தது. மனைவி பவுன்.

"இன்னாயா, எங்க இருக்கிற? பெட்டியெல்லாம் கட்டியாச்சு. ஆட்டோ ரிக்‌ஷாகாரன் வாசல்ல நிக்கறான்."

"பவுனு, நான் இங்க மாட்டிக்கிட்டேன். என்னை ஆட்டுக்குட்டின்னு பதிஞ்சுட்டாங்க."



"குடிச்சிருக்கியா?"

"சத்தியமா இல்ல. நம்பர் தலையில விழுந்துடுச்சு. இப்ப ஒரு ஆடு என் மடியில படுத்துக்கினு இருக்குது. எழுந்தா கத்துது."

பவுன் கைப்பேசியை விலக்கி, "உங்கப்பா என்னென்னவோ பேசறாரு," என்று கிரிஜாவிடம் சொல்வது கேட்டது. பிறகு, "இரு, போற வழிதான. நாங்க அங்க வரோம்," என்று வைத்துவிட்டாள்.

அதற்குள் ஆய்வுக்குழு வந்துவிட்டது. டெல்லியிலிருந்து வந்த இரண்டு அதிகாரிகள் எதுவும் பேசவில்லை. எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டார்கள். இயக்குநர் டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி அவர்களை அடைப்பு அடைப்பாக அழைத்து வந்தார். ஜெகதீசன் இருந்த அடைப்புக்கு முன்னால் நின்று, உள்ளே பார்த்து, ஒரு கணம் தயங்கி, பேச்சைத் தொடர்ந்தார்.

"இது 212. இன்று எங்களுடைய மிகச் சிறந்த ஏற்பு. இந்த நாட்டில் ஒரு தாயைச் சேயிடமிருந்து பிரிக்க மழை முயன்றிருக்கிறது, பனி முயன்றிருக்கிறது, ஓநாய் முயன்றிருக்கிறது. இந்த இயக்ககம் வந்த பிறகு அவற்றால் முடியவில்லை. நாங்கள் சேர்த்தவர்களைப் பிரிக்க எங்களாலேயே முடியாது."

டெல்லிக்காரர்கள் கைதட்டினார்கள். ஜெகதீசன் எழுந்து நின்றார். ஆடும் எழுந்து நின்றது.

"மேடம், என் பொண்ணு இன்னிக்கு வெளிநாடு போவுது. ஏர்போர்ட்டுக்கு நான் போவணும்."

டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி முகம் சுளிக்கவில்லை. குறைகளைக் கேட்பது அவருடைய பழக்கம்.

"உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கா? அது ஒரு சிக்கல்தான். சேய் கணக்குல இருக்கிறவருக்குச் சேய் இருக்கக் கூடாது."

"நான் அப்பா மேடம்."

"எங்க கணக்குல அப்பா கிடையாது. கிடாய்க்கு நாங்க நம்பர் போடுறதில்ல. அது எங்க வேணாலும் போகலாம், எப்ப வேணாலும் வரலாம்."

"அப்ப என்னையும் கிடாய்னு வச்சுக்குங்க மேடம்."

"தலையில நம்பர் இருக்கிறவர் அதைச் சொல்லக் கூடாது, மிஸ்டர் ஜெகதீசன். பொறுமையா இருங்க. இங்க யாரையும் நாங்க அடைச்சு வைக்கல. பிரிக்காம வச்சிருக்கோம், அவ்வளவுதான்."

மாலை வெயில் சாய்கிற நேரத்தில் ஆட்டோ வாசலுக்கு வந்தது. பவுன் இறங்கிய வேகத்தில் இர்பான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவளுடைய சத்தம் அடைப்பு வரைக்கும் கேட்டது.

"எவன்யா எம் புருஷன ஆட்டுக்குட்டின்னது? அவன வரச் சொல்லு."

நிர்மல் போய் விளக்கினார். எல்லாம் சட்டப்படிதான் நடந்திருக்கிறது, ஏற்பு வந்துவிட்டது, 212-இன் உரிமையில் மனைவி தலையிட வழியில்லை என்றார். பவுன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ படிச்சியா, இல்ல உன்னையும் அந்த மிஷின்ல வுட்டு எடுத்தாங்களா?" என்று கேட்டாள். நிர்மல் கோபித்துக்கொள்ளவில்லை. வாசலில் அமைதி காக்கும்படி எழுதியிருந்த பலகையைக் கை காட்டினார்.

ஜெகதீசனை வாசலுக்கு அழைத்து வர முடியவில்லை. அது களச் சோதனைக்கான நேரம். எண் போட்ட ஜோடிகளை மேய்ச்சல் நிலத்தில் ஒன்றாகக் கலந்து விட்டு, தூரத்திலிருந்து பார்த்துச் சேர்த்துக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் டெல்லியிலிருந்து வந்திருந்தார்கள். பின்பக்கக் கதவைத் திறந்ததும் மந்தை பாய்ந்தது. மந்தையோடு ஜெகதீசனையும் விட்டார்கள். 212 அவரை ஒட்டியே நடந்தது. எண் இல்லாத அந்தக் குட்டியும் கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தது. இல்லாத குட்டியானதால் அதை யாரும் தடுக்கவில்லை.

மேய்ச்சல் நிலத்தை ஒட்டி விமான நிலையம் போகிற சாலை. இர்பான்தான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஜெகதீசன் வேலிப்பக்கம் வந்தபோது கிரிஜா அங்கே நின்றிருந்தாள். புது சுடிதார், கழுத்தில் பாஸ்போர்ட் பை. அப்பாவின் தலையைப் பார்த்ததும் சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றுவிட்டது.

"அப்பா, வேலியில கரண்ட் இருக்காம். கிட்ட வராதீங்க."

"நீயும் தள்ளி நில்லு. சாப்டியா?"

"ம். அம்மா டப்பால போட்டுக் குடுத்திருக்கா." அவளுக்குத் தமிழ் எப்போதும் கொஞ்சம் தேடித்தான் வரும். "இவங்க எப்போ விடுவாங்க உங்கள?"

"விட்டுருவாங்க. ஒண்ணும் ஆவல. நீ இதையே நெனச்சுக்கினு போவாத."

நின்றால் மந்தையை ஓட்டிய மேய்ப்பர் விரட்டினார். அதனால் ஜெகதீசன் மந்தையோடு நடந்தார். கிரிஜா சாலையோரமாக அவருக்கு இணையாக நடந்தாள். பவுன் ஏறியிருந்த ஆட்டோ பெட்டிகளோடு மெல்ல ஊர்ந்து வந்தது.  அங்கே வெயில் அதிகமாமே என்றார் அவர். ஹாஸ்டலில் ஏசி இருக்கிறது என்றாள் அவள். முதல் சம்பளத்தில் எதுவும் அனுப்பாதே, நல்ல செருப்பு வாங்கிக்கொள், நாள் முழுக்க நிற்கிற வேலை என்றார். சரி என்றாள். வேலி திரும்புகிற இடம் வந்துவிட்டது. அதற்கு மேல் சாலை ஒரு பக்கம் போனது, நிலம் ஒரு பக்கம் போனது.

"போய்ட்டு வரேன்பா."

"போம்மா. நேரமாவுது."

அவள் கையை வேலிப்பக்கம் நீட்டி, நினைவு வந்து இழுத்துக்கொண்டாள். பிறகு ஓடிப் போய் ஆட்டோவில் ஏறினாள். அது விமான நிலையத்தின் பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் அவர் நின்றார். மேய்ப்பர் இரண்டு முறை விரட்டியும் நகரவில்லை.

திரும்பிப் பார்த்தபோது 212 அவர் பக்கத்தில் இல்லை. கொஞ்சம் தள்ளி நின்று தன் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. குட்டியின் வால் விடாமல் ஆடியது.

மேட்டின் மேலிருந்து தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த டெல்லி அதிகாரிகளில் ஒருவர் அன்று முதல்முறையாக வாயைத் திறந்தார். எண் உள்ள தாயிடம் எண் இல்லாத ஒன்று பால் குடிக்கிறது, எண் உள்ள குட்டி தனியாக நிற்கிறதே என்றார். இயக்குநரின் முகம் வெளுத்தது. அவசரக் கூட்டம் அங்கேயே, மேட்டின் மேலேயே நடந்தது.

கூட்டம் முடிந்து நிர்மல் இறங்கி வந்தார்.

"அதான் ஒதுக்கிடுச்சே சார்," என்றார் ஜெகதீசன். "இப்ப விட்டுடுங்க."

"மறுப்பு ஏற்புக்கு முன்னால வரணுங்கண்ணா. பின்னால வந்தா அது மறுப்பு இல்லீங்க, கைவிடல். இப்ப நீங்க தாய் கைவிட்ட குட்டி. கைவிட்ட குட்டிய வெளிய விட்டா பாவமுங்க. வளர்ப்புத் தாய் ஒண்ணு கெடைக்கற வரைக்கும் அடைப்புலதான் இருக்கணும்."

"வளர்ப்புத் தாய்னா?"

"சமீபத்துல தன் குட்டியப் பிரிஞ்ச தாயா இருக்கணுங்க. அதுதான் விதி. இப்போதைக்கு மந்தையில அப்படி ஒண்ணும் இல்லீங்க. அடுத்து ஆடுங்க குட்டி போடற ஈத்து வரைக்கும் பாக்கலாம்."

அவரை மறுபடி அடைப்பில் விட்டார்கள். இந்த முறை ஆடு இல்லை. ஆனாலும் அடைப்பு முன்பைவிடச் சிறியதாக இருந்தது. ஜெகதீசன் பலகையில் சாய்ந்து உட்கார்ந்து, அடுத்த ஈத்து எப்போது வரும் என்று நினைத்துப் பார்த்தார்.  எழுந்து பலகையைத் தள்ளிப் பார்த்தார். உறுதியாக அடித்திருந்தார்கள். இயக்ககத்தில் சரியாகச் செய்திருந்த ஒரே வேலை அதுதான் என்று தோன்றியது.

மகளை விமான நிலையத்தில் விட்டுவிட்டு பவுன் அதே ஆட்டோவில் திரும்பி வந்தாள். அழுது முடித்த முகம். இர்பான் விஷயத்தைச் சொன்னார், விதியையும் சொன்னார். அவள் இரண்டையும் கேட்டுக்கொண்டு நேராக உள்ளே நடந்தாள். அவள் மேல் எண் எதுவும் இல்லாததால் கதவு தடுக்கவில்லை.

"குட்டியப் பிரிஞ்ச தாயி வேணுமாமே," என்றாள் நிர்மலிடம். "இப்பத்தான் உள்ள விட்டுட்டு வரேன். இன்னும் பிளேன் கெளம்பல. இதவிடப் புதுசா எங்க கெடைக்கும் உனக்கு?"

நிர்மல் இயக்குநரைக் கேட்டார். இயக்குநர் டெல்லியைக் கேட்டார். டெல்லிக்காரர்கள் விதியைப் படித்தார்கள். தாய் எந்த இனத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. பாலூட்டியாக இருந்தால் போதும். நூற்றுக்கு நூறும் கெடாது. டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி பவுனின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த இயக்ககத்தின் வரலாற்றில் இது ஒரு பொன்னாள் என்றார்.

"நம்பர் மட்டும் போடணுங்கக்கா," என்றார் நிர்மல்.

பவுன் சந்துக்கு முன்னால் நின்று முழங்கை வரைக்கும் கையை உள்ளே நீட்டினாள். புஸ்ஸென்றது. 212 அவளுடைய வளையல்களுக்கு மேலே நீலமாக உட்கார்ந்தது. ஏற்புச் சோதனை உண்டு என்றார் நிர்மல். பவுன் அடைப்பின் கதவைத் திறந்து கணவனைப் பார்த்தாள். கன்னத்தில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள். "எழுந்திரு, போலாம்," என்றாள். ஏற்பு என்று பதிவானது.

வாசல் கேமரா இருவரையும் பார்த்தது. பச்சை விளக்கு எரிந்தது. இர்பான் எழுந்து நின்று சலாம் வைத்தார்.

ஆட்டோ விமான் நகர்ப் பக்கம் திரும்பும்போது கைப்பேசி அடித்தது. கிரிஜா.

"அப்பா, வெளிய வந்துட்டீங்களா?"

"வந்துட்டேம்மா."

"எப்படி விட்டாங்க?"

"உங்கம்மா என்னைத் தத்து எடுத்துக்கிச்சு."

கிரிஜா சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று ஜெகதீசனுக்குத் தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் ஏதோ அறிவிப்பு கேட்டது. அவர் காதில் வைத்தது வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். பவுன் எண் இல்லாத கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கி, "தண்ணி நெறைய குடி," என்று சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது.

மறுநாள் காலையில் இருவரும் சேர்ந்துதான் வேலைக்குப் போனார்கள். பால் மறக்கிற வரைக்கும் குட்டி தனியாக வந்தால் கதவு திறக்காதாம். பால் மறந்துவிட்டதா என்று சொல்ல வேண்டிய அதிகாரியின் இடம் இன்னும் நிரப்பப்படவில்லை.